வைட்டாங்கி: ஒரு சொல்லில் இடறிய ஒப்பந்தம்

ஆக்லாந்திலிருந்து பைஹியாவுக்குப் பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கிக் கடலை ஒட்டியே அரை மணி நடந்தால் வைட்டாங்கி. கடலைப் பார்த்த ஒரு புல்வெளி, அதில் உயரமான கொடிக்கம்பம். நியூசிலாந்துக் கொடி, பிரிட்டன் கொடி, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிக் குலங்களின் கொடி என மூன்றும் ஒன்றாகப் பறக்கின்றன. இந்த நாட்டின் கதை முழுவதும் அந்தக் கம்பத்திலேயே இருப்பதாக எனக்குப் பட்டது.

1840 பிப்ரவரி 6 அன்று இங்கேதான் மாவோரித் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் அரசியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்போது அங்கிருந்த ஐரோப்பியர்கள் சுமார் 2000 பேர்தான். ஆங்கிலத்தில் எழுதியதை ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மகனும் ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தார்கள். சிக்கல் அங்கேதான். ஆங்கிலத்தில் தலைவர்கள் இறையாண்மையையே விட்டுக்கொடுக்கிறார்கள். மாவோரியிலோ 'காவனதங்கா'. 'காவன' என்பது கவர்னர் என்ற சொல்லின் மாவோரி உச்சரிப்பு. நாம் 'கவர்னர்தனம்' என்று ஒரு சொல்லை உண்டாக்கினால் எப்படி இருக்கும், அதுபோல. அடுத்த பிரிவிலேயே, நிலத்தின் மீதும் ஊர்கள் மீதும் தலைவர்களின் முழு அதிகாரம் ('ரங்கதிரதங்கா') அவர்களுக்கே என்று உறுதி கொடுத்திருக்கிறது. வழிகாட்டியாக வந்த மாவோரிப் பெண் இரண்டு சொற்களையும் மெதுவாக, இரண்டு முறை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்து வருடம் முன்னால், 1835 சுதந்திர அறிவிப்பில், நிலத்தின் மேலான அதிகாரத்துக்கு 'மன' என்ற சொல்லையே எழுதியிருந்தார்கள். அதைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

அன்றைக்கே ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் கொலென்சோ, முதல் ஆளாக ஹோனே ஹேகே என்ற தலைவர் கையெழுத்திடப் போகும்போது எழுந்து, இவர்களுக்கு இது புரிந்திருக்கிறதா என்று கேட்டார். புரியாவிட்டால் அது என் குற்றமல்ல என்கிற மாதிரி பதில் சொன்னார் ஆளுநராக வந்திருந்த ஹாப்சன். இதே கொலென்சோதான், மாவோரிகள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்த, தமிழ் எழுத்து பொறித்த கப்பல் மணியைக் கண்டெடுத்தவர். அந்த மணி இன்று வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் நடந்தவை வேகமானவை. 1852-இல் அரசியலமைப்புச் சட்டம், 1854-இல் ஆக்லாந்தில் முதல் நாடாளுமன்றம், 1856-இல் அந்த நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை (பொறுப்பாட்சி). தன்னாட்சிதான். ஆனால் சொத்து இருந்தால்தான் வாக்கு. மாவோரிகளின் நிலமோ குலத்துக்கே பொது. அதனால் பெரும்பாலானோர் வெளியே நின்றார்கள். 1860-களில் போர், நிலப் பறிமுதல். 1867-இல்தான் அவர்களுக்கென்று நான்கு இடங்கள் ஒதுக்கினார்கள். 1893-இல் பெண்களுக்கெல்லாம் வாக்குரிமை கொடுத்து உலகுக்கே வழிகாட்டிய அதே நாடு இது. 1907-இல் டொமினியன், அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி நாடு, ஆனது. 1947-இல் பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை ஏற்று, சட்டமியற்றும் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது. மீறப்பட்ட வாக்குறுதிகளை விசாரிக்க வைட்டாங்கித் தீர்ப்பாயம் வந்தது 1975-இல். காலனிக் குடியேற்றத்தின் வரலாறு என்றால் எனக்கு இனி இந்த நூற்று முப்பத்தைந்து வருடக் காத்திருப்புதான் நினைவுக்கு வரும்.

மாலையில் பைஹியாவிலிருந்து படகில் எதிர்க்கரை ரஸ்ஸலுக்குப் போனேன். அதன் பழைய பெயர் கோரோராரேகா. ஊருக்கு மேலே குன்றில் ஒரு கொடிக்கம்பம். முதலில் கையெழுத்திட்ட அதே ஹோனே ஹேகேயும் அவர் ஆட்களும் 1844-45-இல் நான்கு முறை அங்கே நின்ற கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். 1858-இல் அதைத் திரும்ப நட்டது, அதனால் மூண்ட போரில் ஹேகேயோடு நின்ற கவிட்டி என்ற தலைவரின் மகன். கீழே 1836-இல் கட்டிய மரத் தேவாலயத்தின் சுவரில் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் விரல் வைத்துப் பார்த்தேன்.