பிடிபடும் முன்பே அச்சாகும் குலத்தின் பெயர்

போன மாதம் எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் கைப்பேசியில் வந்த செய்தியின் தலைப்பு, ‘பவாரியா கொள்ளையர் கைவரிசையா?’ யாரும் பிடிபடவில்லை, சிசிடிவியில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை, ஆனால் பவாரியா என்கிற வடநாட்டுக் குலத்தின் பெயர் மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. கீழே பெட்டிச் செய்தி வேறு: பகலில் போர்வை விற்பதுபோல வந்து நோட்டம் பார்ப்பார்கள், பெண்களையும் கூட்டி வருவார்கள், இரவில் கடப்பாரையோடு திரும்புவார்கள் என்று.

இந்த நடை வெள்ளைக்கார போலீஸ் அதிகாரிகளின் குறிப்பேட்டு நடை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் குறவர் பகுதியைப் புரட்டுங்கள், கல்யாணச் சடங்கு, சாமி கும்பிடுவது எல்லாம் வரும், கூடவே எப்படித் திருடுவார்கள் என்பதும் அவர்களுடைய வழக்கம்போலவே விலாவாரியாக வரும்.

1871-லேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது, 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பட்டியலில் உள்ள குலத்தில் பிறந்திருந்தாலே போதும், ரேகை வைக்கவேண்டும், ஊரைத் தாண்டச் சீட்டு வாங்கவேண்டும். ரேகை வைக்கமாட்டோம் என்று எதிர்த்து நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரை போலீஸ் கொன்றது. ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப்பிரதேசம் பக்கம் வாழும் பவாரியாக்களும் அந்தச் சட்டத்தில் அகப்பட்டவர்கள்தான். 1952-ல் நாடு முழுக்கச் சட்டம் ஒழிந்தது, சரி, செய்தி எழுதுகிறவர் கையில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறதே! வங்கியில் கோடிக்கணக்கில் சுருட்டியவர் பிடிபட்டால் அவருடைய சாதியை யாரும் தலைப்பில் போடுவதில்லை.

அந்தச் செய்தி வந்த அன்று மாலை நரிக்குறவப் பெண்கள் இரண்டு பேர் பாசிமணி விற்க வந்தார்கள். நரிக்குறவர் வேறு, குறவர் வேறு, பவாரியா வேறு, ஆனால் தெருவுக்கு அன்றைக்கு எல்லாம் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அண்ணன் ஆதார் கேட்டு, அட்டையையும் முகத்தையும் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். “அண்ணே, விடுங்க” என்று நான் சொன்னதற்கு, “பேப்பர்லயே போட்டிருக்காங்கப்பா” என்றார். மூத்தவள் தரையில் விரித்திருந்த மணிகளை ஒவ்வொரு சரமாக எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி ஆசிரியர் குழுவுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. நாளைக்கு மறுபடியும் எழுதுவேன்.