லயத்தில் நிற்கும் பைக்கும் இறங்கிப்போகும் பெட்டரியும்

மலைப்பக்கத்தில் யாரும் பெட்டரியைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. காரணம், இறக்கம். செல்ஃப் எடுக்காவிட்டால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) முன்னால் பாதையில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் பழைய கார்புரேட்டர் பைக் கிளம்பிவிடும். ஸ்கூட்டரிடம் இந்த வித்தை பலிக்காது. அதில் சக்கரம் சுற்றினாலும் எஞ்சின் சுற்றாது. எஃப்.ஐ. வண்டியிலோ (கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரத்தால் பெட்ரோலைப் பீச்சும் வகை) பெட்டரி முழுதாகச் செத்துவிட்டால் பெட்ரோல் பம்பே வேலை செய்யாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை உருட்டிக்கொண்டு போனாலும் வியர்வைதான் மிச்சம்.

கொழும்பில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீடு என்று இருப்பவர்களின் வண்டிகளுக்குத்தான் இந்தக் கதி அதிகம். "நுவரெலியா குளிர்தான் பெட்டரியைக் கொல்லுது" என்று சொல்லிக்கொள்கிறோம். குளிர் செய்வது ஒன்றுதான்: காலையில் எஞ்சின் ஓயில் தடித்து, பெட்டரியின் வலுவும் கொஞ்சம் குறைவதால் செல்ஃப் சுணங்கும். சும்மா வைத்திருக்கும் பெட்டரிக்குக் குளிர் நல்லது. ஈய அமில பெட்டரி தானாக இறங்கும் வேகம், சூடு 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கொழும்பின் சராசரி 27 பாகைக்கு மேல், நுவரெலியாவில் 16 பாகையளவு. அதே பெட்டரி மேலே பாதி வேகத்தில்தான் இறங்கும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறைந்தாலும் சார்ஜ் உள்ள பெட்டரிக்குள் அமிலம் உறையாது.

கொல்வது, வண்டியோடு இணைத்தே விட்டுப் போவதுதான். சாவியை எடுத்த பிறகும் மீட்டர் மணிக்கூடு 1 மில்லி அம்பியர் போல இழுக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் பூட்டிய அலாம் 25 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 0.6 அம்பியர் மணி. ஸ்கூட்டரின் 4 அம்பியர் மணி பெட்டரி ஒரு கிழமையில் காலி. 9 அம்பியர் மணி பெட்டரி என்றால் இரண்டு கிழமை. உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது சுலபம். சாவி ஓஃப், நெகட்டிவ் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 அம்பியர் துளையில் போட்டு, வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையில் பிடியுங்கள். அந்த நேரம் யாரும் சாவி போட்டு செல்ஃபை அமுக்கக்கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.

காலியான பெட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப் படிகமாகிறது. பிறகு சார்ஜ் போட்டாலும் கரைவதில்லை. இதன் அடையாளம் ஒன்று உண்டு: சார்ஜரில் போட்ட அரைமணியில் 14 வோல்ட் காட்டும், "ஃபுல்" லைட்டும் வரும். கடைக்காரர் அதைக் காட்டி நல்ல பெட்டரி என்பார். கழற்றி ஒரு இரவு வைத்துப் பாருங்கள், 12.2க்கு வந்திருக்கும். ஆகவே சார்ஜர் கழற்றிய கையோடு அளக்கும் வோல்டேஜை நம்ப வேண்டாம்.

ஓய்வில் வைத்து அளந்தால், முழு சார்ஜில் தண்ணி பெட்டரி (மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் வகை) 12.6 முதல் 12.7 வோல்ட், மெயின்டனன்ஸ் ஃப்ரீ பெட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) 12.8 அளவில் நிற்கும். 12.4 என்றால் முக்கால், 12.2 அரை, 12.0 கால். 12.4க்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

ஊரில் இருக்கும் தம்பியிடம் "கிழமைக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடு" என்று சொல்லிவிட்டுப் போகிற வழக்கத்தை நிறுத்துவது நல்லது. ஐட்லிங்கில் சார்ஜிங் மெலிவு, எப்போதும் எரியும் ஹெட்லைட் அதிலும் பாதியைத் தின்றுவிடும். ஈய அமில பெட்டரியின் கடைசி 20 சதவீதம் மணிக்கணக்கில்தான் ஏறும். பத்து நிமிடத்தில் ஏறவே ஏறாது. இதைவிட, எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் அணைப்பதால் சைலன்சருக்குள்ளும் ஓயிலிலும் தண்ணீர் சேரும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தம்பியிடம் கேட்பதானால், அரைமணி ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மறுக்கமாட்டான்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் பெட்டரியைக் கழற்றிவிடுவதே சரி. முதலில் நெகட்டிவ், பிறகு பொசிட்டிவ். மாற்றிச் செய்து ஸ்பேனர் பிரேமில் பட்டால் பொறி பறக்கும். தண்ணி பெட்டரி என்றால் காற்றுக் குழாயைக் கவனமாக உருவுங்கள். திரும்பப் பூட்டும்போது அது மடங்கினால் உள்ளே வாயு அடைபடும், செயினுக்கு மேல் தொங்கினால் அமிலம் சொட்டும். மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வோட்டர் மட்டும், மேல் கோடு வரை. பீலித் தண்ணி (மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணி) எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் தாது இருக்கிறது. அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர், அமிலம் உள்ளேயே இருக்கிறது. முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) ஒவ்வொரு அறையிலும் 1.265 முதல் 1.280 காட்ட வேண்டும். ஐந்து அறை சரியாக இருந்து ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் சார்ஜுக்குக் காசு செலவழிக்காதீர்கள், பெட்டரி முடிந்தது.

முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், ஒரு கோப்பை சுடுதண்ணியில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து பழைய பல் தூரிகையால் தேய்க்கலாம். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். கழுவித் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

சார்ஜ் போடும் அம்பியர், பெட்டரி அளவில் பத்தில் ஒன்று: 4 அம்பியர் மணிக்கு 0.4, 9க்கு 0.9. டவுனில் லொறி பெட்டரிகளோடு சேர்த்துப் போடும் கடைகளில் சின்ன பெட்டரி கொதித்துவிடும். ஒரு இரவில் தகடு வளைந்த பெட்டரிகள் உண்டு. பைக்குக்கான தானியங்கி சார்ஜர் ஒன்று வாங்குவது மேல். 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் 13.5 அளவுக்கு இறங்கிப் பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும். லிதியம் பெட்டரிக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர்தான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும் காலத்தில் சார்ஜரை இரவு பகலாகப் பிளக்கில் விட்டு வைக்காதீர்கள். மின்னல் ஒன்று போதும், சார்ஜர் புகைந்துவிடும். கழற்றிய பெட்டரிக்கு மாதம் ஒரு இரவு சார்ஜ் தாராளம். மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

வைக்கும் இடம் காய்ந்ததாக இருக்கட்டும், விறகு அடுப்புள்ள குசினி வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. என்றாலும் மழைக்காலத்தில் லயத்துத் தரை வியர்க்கும், முனைகள் பூக்கும். ஒரு பலகைத் துண்டின் மேல் வையுங்கள்.

திரும்பப் பூட்டும்போது முதலில் பொசிட்டிவ். இறுக்கிய பிறகே வாசலின் பூச வேண்டும். பின்பு மீட்டரை முனைகளில் பிடித்தபடி செல்ஃபை அமுக்குங்கள். எஞ்சின் சுற்றும்போது 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரி பலவீனம். ஸ்டார்ட் ஆனபின் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8 முதல் 14.5க்குள் வர வேண்டும். 13க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால் ரெகுலேட்டரையோ சார்ஜிங் கொயிலையோ பாருங்கள்; புதுப் பெட்டரி போட்டாலும் அடுத்த மாதம் அதுவும் இறங்கிவிடும்.