2-ஐ அடித்துவிட்டு 7 போட்டேன்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிகிற வரை நான் அழவே இல்லை. முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்பார்கள். முதுகு லேசாக வலித்தாலே எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று விடிய விடிய விழித்துக் கிடப்பதை எப்படிச் சொல்வது?

பரிசோதனைக்குப் போன ஒரு நாள் செவிலியர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் தெர்மாமீட்டர் படம், அடியில் 0, உச்சியில் 10. இந்த ஒரு வாரத்தில் மன உளைச்சல் எவ்வளவோ அந்த எண்ணை வட்டமிட வேண்டும். 2 போட்டேன். யாருக்கும் தொந்தரவு தராத நோயாளியாகவே இருந்து பழகிவிட்டது. தாளைப் பார்த்தவர், "ராத்திரி தூங்கறீங்களாம்மா?" என்றார். அந்த ஒரு கேள்விதான். தாளைத் திரும்ப வாங்கி 2-ஐ அடித்துவிட்டு 7 போட்டேன். பேனா அழுத்தியதில் அந்த இடம் கிழிந்தே போனது. 4 அல்லது அதற்கு மேல் போனாலே விசாரிப்பார்களாம். உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள்.

இவரும் "பாசிட்டிவா இருங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் போனேன். அவர் சொன்னது வேறு: "திரும்ப வராதுன்னு என்னால உறுதி தர முடியாது. அந்தப் பயத்தை வச்சுக்கிட்டே நாளை எப்படி நடத்துறதுன்னு சேர்ந்து பார்க்கலாம்." பொய் சொல்லாத ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

வாரம் ஒரு முறை, மொத்தம் எட்டு அமர்வுகள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்: என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அப்போது நான் என்ன செய்தேன். 'முதுகு வலி. பரவிவிட்டது. ராத்திரி 2 மணி வரை செல்போனில் தேடினேன்.' ஒரே வாரத்தில் இதே வரி நான்கு முறை வந்திருந்தது. அப்புறம் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு ஒரு விதி வைத்துக்கொண்டோம். புதிதாக வந்த வலி இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ உடனே கூப்பிட வேண்டும். இல்லையென்றால் தேதியைக் குறித்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது வாரம் நிலைமை இன்னும் மோசமானது. கிளறக் கிளற அழுகைதான் கூடியது, நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். அதையும் அவரிடமே சொன்னேன். தூக்கத்துக்காக மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமலிருக்கத் தரும் தமாக்சிஃபென் மாத்திரையை நீங்கள் எடுப்பவராக இருந்தால் மனநல மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பராக்செடின், ஃபுளூஆக்செடின் மாதிரி சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் செயல்பாட்டைக் குறைக்கக்கூடும். எனக்கு வேறு மாத்திரை எழுதினார்கள்.

ஐந்தாவது அமர்வுக்குக் கணவரும் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "இவ மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே படுத்திருப்பேன்" என்றார். இருவரும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் விழித்துக் கிடந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

போன மாதம் அதே தாள் வந்தது. 4 போட்டேன். ஸ்கேனுக்கு இரண்டு நாள் இருந்தது.