'முழுக்கட்டுரை' பட்டனை வேலை செய்ய வைத்த கதை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மின்னிதழ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை ஒன்றிய அரசே சந்தா கட்டித் தரும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் என்று துறை துறையாகச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் பப்மெட், கூகுள் ஸ்காலர் மாதிரி ஆய்வுக்கட்டுரை தேடும் தளங்களில் ஒரு கட்டுரையின் விவரத்தைப் பார்க்கிற ஆய்வு மாணவர் அங்கிருந்தே பிடிஎஃப் வரை போய்ச் சேர வேண்டுமென்றால், நடுவில் உள்ள இணைப்பை நூலகம்தான் போட்டாக வேண்டும். எங்களிடம் லிங்க் ரிசால்வர் (தேடுதளத்தில் 'முழுக்கட்டுரை' பட்டனைச் சொடுக்கினால் கட்டுரை கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் மென்பொருள்) இருந்தது, பாதி நேரம் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த அனுபவம் இது.

"டிஓஐ இருக்கிறதே, அதைச் சொடுக்கினால் போதாதா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். போதாது. கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ நேராகப் பதிப்பகம் பதிந்துவைத்த பக்கத்துக்குத்தான் போகும், நம் நூலகத்துக்கு அந்தக் கட்டுரை வேறு எந்த வழியில் கிடைக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பெங்களூரின் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் இதழ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அகாடமியின் சொந்தத் தளத்தில் கட்டுரை இலவசமாகவே கிடைக்கும், டிஓஐயைச் சொடுக்கினால் கூட்டாகப் பதிப்பிக்கும் பன்னாட்டுப் பதிப்பகத்தின் தளத்தில் போய் நின்று காசு கேட்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சோம்பெல் குழு 1990களின் கடைசியில் ஓப்பன்யூஆர்எல் முறையைக் கொண்டுவந்தது, 2004இல் அது அமெரிக்கத் தரநிலையானது. இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் ஒரு முகவரிக்குள் கோத்து ரிசால்வருக்கு அனுப்புவார்கள், ரிசால்வர் நம் இதழ்ப் பட்டியலைப் பார்த்து எங்கே போகலாம் என்று சொல்லும். அவ்வளவுதான்.

ஆக எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்களை உட்காரவைத்துப் பட்டியலைத் திறந்து காட்டினேன். பழைய சந்தாக்கள் அப்படியே கிடந்தன, புதிய திட்டத்தின் இதழ்கள் பாதிதான் ஏறியிருந்தன, மென்பொருள் நிறுவனத்து ஆட்கள் ஒரு தொகுப்பை முழுதாக 'உண்டு' என்று டிக் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அதில் நமக்கு உரிமையே இல்லாத ஆண்டுகளும் சேர்ந்துவிட்டன. இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் பணம் கேட்கும் இணைப்பு, இணைப்பே இல்லாததைவிட மோசம். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை அந்தப் பட்டனைத் தொடமாட்டார்.

பதிப்பகங்கள் தரும் கேபார்ட் கோப்புகளை (எந்த இதழ் எந்த ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று பொது வடிவத்தில் சொல்லும் பட்டியல்) வாங்கி முதலிலிருந்து ஏற்றினோம். அதில் தடைக்காலம் என்ற கட்டத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பி1ஒய் என்று இருந்தால் கடைசி ஓராண்டு கிடைக்காது, அதற்கு முந்தையது கிடைக்கும். ஆர்10ஒய் என்றால் கடைசிப் பத்தாண்டு மட்டும்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட எதிரெதிர் அர்த்தம், எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அப்புறம் எக்செல். நடுக்கோடு இல்லாத ஐஎஸ்எஸ்என் உள்ள கோப்பை அதில் சும்மா திறந்தாலே முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிடும், இந்திய இதழ்கள் பலவற்றின் எண் சுழியத்தில்தான் தொடங்குகிறது, அப்படியே சேமித்து ஏற்றினால் நம் ஊர் இதழ்கள்தான் முதலில் காணாமல் போகும். அந்தக் கட்டத்தை உரை வடிவம் என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள். பெயர் மாறிய இதழ்கள் இன்னொரு தொல்லை. ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸ் 2004க்கு முன்பு அகாடமியின் புரொசீடிங்ஸ் வரிசையில் இருந்தது, பழைய கட்டுரையைத் தேடினால் பழைய பெயரில்தான் விவரம் வரும், அதைத் தனிப் பதிவாகச் சேர்க்காவிட்டால் இணைப்பு விழாது.

கூகுள் ஸ்காலர் சுலபம். ரிசால்வர் பக்கம் ஒருமுறை பதிவுசெய்துவிட்டால் நம் பட்டியலை அதுவே அவ்வப்போது எடுத்துக்கொள்ளும், வளாகத்துக்குள் ஐபி முகவரியைப் பார்த்துத் தானாகக் காட்டும், வெளியிலிருந்து தேடுபவர்கள் அமைப்புகளில் நூலக இணைப்புகள் பகுதிக்குப் போய் நம் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் (ஐந்து நூலகங்கள் வரை போடலாம்). பப்மெட்டில் நம் பட்டன் எல்லோருக்கும் தெரியாது. நூலகக் குறியீடு சேர்த்த முகவரி வழியாக வந்தால்தான் தெரியும், அதனால் நூலகத் தளத்தில் இருந்த பப்மெட் இணைப்புகளை எல்லாம் மாற்றினோம். சின்ன வேலை, ஆனால் மருத்துவம், உயிரியல் பக்கம் பலன் இதில்தான் அதிகம்.

நிஜமான தலைவலி வீட்டிலிருந்து படிப்பவர்கள். பதிப்பகத் தளம் 'உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்' என்று முடிவில்லாத பட்டியலை நீட்டும், அதிலேயே பலர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அரசு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் உள்நுழைவு (நம் நிறுவனக் கணக்கை வைத்தே பதிப்பகத் தளங்களுக்குள் போகும் வசதி) எங்களுக்கு இருப்பதால், நிறுவனத்தின் அடையாளம் முகவரிக்குள்ளேயே இருக்கிற வேஃப்லெஸ் இணைப்புகளாகப் பதிப்பகம் பதிப்பகமாக மாற்றினோம். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒவ்வொரு வடிவம், பொறுமை வேண்டும். இப்போது சொடுக்கினால் நேராக எங்கள் உள்நுழைவுப் பக்கம், அங்கிருந்து கட்டுரை.

சோதிக்கும்போது பிரபல இதழ்களை எடுக்காதீர்கள், அவை எப்படியும் வேலை செய்யும். மாணவர்கள் 'கிடைக்கவில்லை, அனுப்புங்கள்' என்று எங்களுக்கு எழுதிய பழைய மின்னஞ்சல்களில் இருந்த கட்டுரைகளையே எடுத்தோம். அப்போதுதான் விசித்திரங்கள் தெரிந்தன. ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் மாதிரி இதழ்களில் பக்க எண் கிடையாது, ஆறு இலக்கக் கட்டுரை எண்தான், அதைச் சில தரவுத்தளங்கள் பக்கக் கட்டத்தில் போடும், சில விட்டுவிடும். அஸ்ட்ரானமி & அஸ்ட்ரோபிசிக்ஸ் இதழின் பெயரில் உள்ள & குறி சரியாக மாற்றப்படாமல் வந்தால் ரிசால்வர் அந்த இடத்திலேயே பெயரை வெட்டிவிட்டு வெறும் அஸ்ட்ரானமி என்று தேடும். டிஓஐயோ பப்மெட் எண்ணான பிஎம்ஐடியோ கூடவே வந்தால் முதலில் அதை வைத்துக் கட்டுரையை அடையாளம் காணும்படி வரிசையை மாற்றியதில் இவற்றில் பெரும்பாலானவை சரியாகிவிட்டன.

நூல் அத்தியாயங்களும் கருத்தரங்கக் கட்டுரைகளும் இன்னும் தடுமாறுகின்றன. அவற்றுக்கும், எங்களிடம் இல்லாத இதழ்களுக்கும், ரிசால்வர் முதலில் இலவசப் பிரதிகளைத் தேடித் தரும் அன்பேவாலில் திறந்த பிரதி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் விவரங்கள் நிரப்பிய கோரிக்கைப் படிவத்தைத் திறக்கும். முன்பு 'சார், அந்த நானோ கட்டுரை வேண்டும்' என்று வந்துகொண்டிருந்த மின்னஞ்சல்கள் இப்போது ஐஎஸ்எஸ்என்னோடு வருகின்றன.