மாணவர் மன்றம்: தண்டையார்பேட்டை ஆசிரியையின் நாட்குறிப்பு

ஜூன் 16, 2025, திங்கள்

எச்.எம். இன்று சம்மதம் சொல்லிவிட்டார். இந்த வருடம் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் எஸ்.பி.எல்.லை, அதாவது பள்ளி மாணவர் தலைவரை, நாங்கள் கைகாட்டி நியமிக்கப் போவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை எல்லாப் பிள்ளைகளும் ஓட்டுப் போட்டு ஒரு மாணவர் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். மாதம் ஒரு கூட்டம். மன்றம் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பத்து வேலை நாட்களுக்குள் எச்.எம். எழுத்தில் பதில் தர வேண்டும். முடியாது என்பதும் பதில்தான். ஆனால் ஏன் முடியாது என்று அதில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் அவர் அறையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். அது இல்லாவிட்டால் தேர்தல் நடத்தி என்ன பயன்?

இதுவரை எங்கள் பள்ளியில் லீடர் என்றால் யார்? வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவர். நோட்டுகளை அடுக்கி ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கி வருபவர். வகுப்பிலேயே உயரமான பையன், இல்லையென்றால் முதல் ரேங்க் பெண். எங்கள் சார்பில் பிள்ளைகளை அடக்கும் வேலை அவர்களுக்கு உண்டு. பிள்ளைகள் சார்பில் எங்களிடம் வந்து பேசும் வேலையை நாங்கள் கொடுத்ததே இல்லை.

சென்ற கல்வியாண்டில் அரசு கொண்டுவந்த மகிழ் முற்றம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகள் ஐந்து அணியாகக் கலந்து விளையாடுவதை நான் மனதார விரும்புகிறேன். எங்கள் நெய்தல் அணியில் சேர்ந்தவர்களுக்குத் தனிப் பெருமை, கடலோரப் பிள்ளைகள் அல்லவா. ஆனால் பள்ளியின் நடப்பைப் பற்றிக் கேள்வி கேட்கவும் பதில் வாங்கவும் வேறொரு இடம் வேண்டும்.

“பள்ளிக்கூடத்துக்குள்ள அரசியல் வந்துடும் டீச்சர்” என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அவருக்குப் பிள்ளைகள்மேல் இருக்கும் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடப் போகிறவர்கள் அதற்கு முன் எங்கே பழகுவார்கள் சார் என்று கேட்டேன். பிறகு இருவரும் டீ குடித்தோம்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்பதாம் வகுப்பில் உத்திரமேரூர் கல்வெட்டைப் பேசினேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகள். ஊரை முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டுகள் மாதிரி, பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு.

தகுதிகளைப் பலகையில் எழுதியதும் வகுப்பு சூடாகிவிட்டது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், வேதம் கற்றவர். “அப்ப வாடக வீட்ல இருக்கறவங்க?” என்று முதல் கேள்வி. இந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வாடகை வீட்டுப் பிள்ளைகள். “லேடீஸே இல்லையா மிஸ்?” இல்லை. வேதம் படிக்க யாருக்கு அனுமதி இருந்தது என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கும் நேராகப் பதில் சொன்னேன். சோழர் பெருமை பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு விதியில் மொத்த வகுப்பும் நின்றது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவுக்காரர்களும் வர முடியாது. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, “இத நம்ம மன்றத்துக்கும் வெச்சிக்கலாம் மிஸ். உறவுக்காரங்கள மட்டும் வுட்டுடலாம்” என்றான். அப்படியே எழுதிக்கொண்டோம். மன்றம் என்ன கேட்டது, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று மாதாமாதம் காலை வழிபாட்டில் படிக்க வேண்டும். படிக்காதவர் அடுத்த வருடம் நிற்க முடியாது. எங்கள் மன்றத்தின் முதல் விதி இது.

ஜூன் 27, வெள்ளி

விதிக் கூட்டம். வகுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஆசிரியர்கள் மூவர்.

மதிப்பெண் விவகாரம்தான் நேரத்தை எடுத்தது. அறுபது விழுக்காட்டுக்குக் கீழே எடுப்பவர்கள் படிப்பைக் கவனிக்கட்டும், தேர்தலில் நிற்க வேண்டாம் என்பது ஒரு ஆசிரியரின் கட்சி. எட்டாம் வகுப்புப் பெண் கையைத் தூக்கிவிட்டு, அனுமதிக்குக் காத்திராமல் சொன்னாள்: “ஃபெயில் ஆனவங்களுக்கும் பாத்ரூம் நல்லாத்தான் இருக்கணும் சார்.” அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. மதிப்பெண் விதி விழுந்தது.

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண். ஏன் சரிபாதி என்று பையன்கள் கேட்டபோது, தமிழக உள்ளாட்சியில் 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம் என்பதைச் சொன்னேன். எங்கள் வடசென்னையின் திரு.வி.க. நகரிலிருந்து வந்த பிரியா 2022 மார்ச்சில் 28 வயதில் சென்னை மேயர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண் அவர்தான் என்பதையும் சொன்னேன். பெண்கள் பக்கம் கைதட்டல். பையன்கள் சிலரும் தட்டினார்கள்.

நோட்டா வேண்டும் என்பது பிள்ளைகள் கேட்டது. சேர்த்தாயிற்று.

ஜூலை 3, வியாழன்

பிரசாரம். மதிய இடைவேளையில் மட்டும்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் சாக்லெட் கொடுக்கலாமா என்று கேட்டான். கூடாது என்று உடனே சொல்லிவிட்டு, ஏன் என்று உட்கார வைத்துப் பேசினேன். எங்கள் பள்ளி இருக்கும் ஆர்.கே. நகர், 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலையே ரத்து செய்த தொகுதி. டிசம்பரில்தான் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. அப்போது இவர்கள் பால்வாடிப் பிள்ளைகள், இல்லையென்றால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆனால் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஏழை ஜனங்கள் என்றால் காசுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று ஊரே எங்களைப் பார்த்துப் பேசியது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கொடுத்தவர்களை விட்டுவிட்டு வாங்கியவர்களையே பேசினார்கள். என் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டு வளரக் கூடாது. கேட்டவன் முகம் சிறுத்துப் போனதும், “கேட்டுட்டுச் செய்யணும்னு நினைச்சியே, அது நல்ல விஷயம்” என்று அனுப்பினேன்.

தினமும் பி.டி. பீரியட், ஹோம்வொர்க் ரத்து என்றெல்லாம் வாக்குறுதிகள். அதையும் நாங்கள் தடுக்கவில்லை. ஆறாம் வகுப்புக் குழந்தைகளே, “அத எப்படிண்ணா பண்ணுவ?” என்று கேட்டு மடக்கிவிட்டார்கள்.

ஜூலை 4, வெள்ளி

வாக்குப்பதிவு. நூலகத்தில் இரண்டு மேசை, நடுவில் அட்டைப்பெட்டி மறைப்பு, விரலில் மார்க்கர் மை. சின்னங்களைப் பிள்ளைகளே வரைந்திருந்தார்கள்: படகு, பேனா, கேரம் போர்டு, பாக்சிங் கிளவ்ஸ். ஒரு வகுப்பின் ஓட்டை வேறு வகுப்பு எண்ணியது. தோற்ற பையன் ஒருவன் மறுஎண்ணிக்கை கேட்டான், எண்ணினோம், அதே முடிவு. அவனே ஜெயித்தவனுக்குக் கை கொடுத்தான்.

தலைவராக வந்திருப்பது பத்தாம் வகுப்புப் பையன், கேரம் சின்னம். செயலாளர் ஒன்பதாம் வகுப்புப் பெண். முன்பிருந்த முறையில் இவர்கள் இருவரையுமே நாங்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டோம்.

ஜூலை 11, வெள்ளி

முதல் கூட்டம். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன், கேட்டால் மட்டும் பேசுவது என்று.

கழிப்பறைத் தாழ்ப்பாள், கை கழுவும் குழாய், விளையாட்டு பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது என்று பட்டியல் வந்தது. பிறகு அதுவரை பேசாமல் இருந்த செயலாளர், லேட்டாக வருபவர்களைப் பற்றிப் பேசணும் என்றாள்.

எங்கள் பள்ளியில் மணி அடித்துக் கேட் மூடினால், வழிபாடு முடிந்து முதல் பீரியட் போகும்வரை தாமதமாக வந்தவர்கள் வெளியே ரோட்டில் நிற்க வேண்டும். செயலாளர் சொன்னாள்: “அம்மா விடிகாலையில காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குப் போயிடும் மிஸ். தம்பிக்குச் சாப்பாடு குடுத்து, பால்வாடில வுட்டுட்டுத்தான் நான் வர முடியும். மீன்பிடித் தடைக்காலத்துல லேட்டே ஆனதில்ல. போட்டு கடலுக்குப் போனதுல இருந்து தினமும் கேட்டாண்டதான் நிக்கறேன்.” கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் சேர்ந்துகொண்டான்: ரயில்வே கேட் போட்டுவிட்டால் சரக்கு வண்டி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்வரை நிற்க வேண்டியதுதான். கன்டெய்னர் லாரி போகும் ரோட்டோரத்தில் சின்னப் பிள்ளைகளை நிற்க வைப்பதைப் பற்றி இன்னொருத்தி சொன்னாள்.

வேலைக்குப் போன அம்மாவும் மூடிய ரயில்வே கேட்டும் பிள்ளையின் சோம்பல் என்று எங்கள் வருகைப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இதை எந்த ஆசிரியரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது.

இவ்வளவு சின்ன விஷயத்தை எழுத்தில் கேட்கலாமா என்று தலைவருக்குத் தயக்கம். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பெரம்பூரில் பின்னி மில் என்ற துணி ஆலை இருந்தது. 1918இல் அங்கே வேலை செய்தவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு கடைக்காரர்கள் ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்த பி.பி. வாடியாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர்கள் கொண்டு போன குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை என்பது. அந்த ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். சாப்பாட்டு நேரத்தைக் கேட்டவர்களின் ஊர்க்காரர்கள் நீங்கள் என்றேன்.

கோரிக்கையை எழுதினார்கள். எழுத்துப்பிழையை நான் திருத்தவில்லை. தமிழ் டீச்சர் திருத்தட்டும் என்று செயலாளரே எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப்போட்டி, பரிசு. மன்றத்தை மேடையில் அறிமுகம் செய்தார் எச்.எம். நிகழ்ச்சி நீண்டுவிட்டது, வேறெதற்கும் நேரமில்லை.

ஜூலை 25, வெள்ளி

எச்.எம்.மின் பதில் வந்துவிட்டது, பத்தாவது வேலை நாளில்.

திங்கள் முதல் யாரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. தாமதமாக வருபவர் உள்ளே வந்து பதிவேட்டில் காரணத்தை எழுதிவிட்டு வகுப்புக்குப் போகலாம். அடிக்கடி தாமதமானால் வகுப்பாசிரியர் வீட்டாரிடம் பேசுவார். பிள்ளையை நிற்க வைக்க மாட்டார். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. குழாய்களுக்குச் செலவு அதிகம் என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். ஆகவே பிள்ளைகள் வீட்டிலேயே ஆதரவு திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டு பீரியட்: ஆறு முதல் ஒன்பது வரை யாரும் தொடக் கூடாது, பத்தாம் வகுப்புக்கு மட்டும் முடியாது, பொதுத்தேர்வு. இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓடியாடாத பிள்ளை மாலை ஸ்பெஷல் கிளாஸில் தூங்கித்தான் விழும். இதையும் எச்.எம்.மிடம் சொன்னேன்.

வழிபாட்டில் செயலாளர் கணக்குப் படித்தாள். கேட்டது நான்கு, கிடைத்தது இரண்டு, பாதி கிடைத்தது ஒன்று, காத்திருப்பது ஒன்று. கிடைக்காத பாதியையும் அதே குரலில் படித்தாள். பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து முணுமுணுப்பு வந்தது. தலைவர் மைக்கை வாங்கி, அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்போம் என்றான். அவனும் பத்தாம் வகுப்புதான்.

அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 8. இதுவரை வந்திருக்கும் பொருள்: ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போகும் தெருவில் விளக்கு எரியவில்லை. வார்டு கவுன்சிலருக்கு மனு எழுத வேண்டும் என்கிறார்கள். விளக்குக் கம்பங்களின் எண்களைக் குறித்து வர எட்டாம் வகுப்பிலிருந்து இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.