பொலன்னறுவையில் புள்ளியில்லா எழுத்துகள்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயிலில் பலமுறை பொலன்னறுவையைக் கடந்திருக்கிறோம். நிலையம் கதுறுவெலயில் இருப்பதால், பழைய தலைநகரின் ஒரு செங்கல்லைக்கூட யன்னல் வழியே காண முடியாது. ஆகவே கடந்த பாடசாலை விடுமுறையில் அங்கேயே இறங்கி, குளக்கட்டுக்கு அருகில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று வாடகைச் சைக்கிள்களில் புறப்பட்டோம். பன்னிரண்டு வயது மகளுக்குத் தனிச் சைக்கிள். ஏழு வயது மகனுக்குத் தகப்பனின் கரியல். இடிபாடுகள் சில கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடப்பதால், நடந்து பார்க்க வெயில் விடாது. வான் வண்டியில் போனாலோ கிளைப்பாதைகள் தவறிவிடும்.

முதலில் மன்னன் பராக்கிரமபாகுவின் (1153–1186) மாளிகை. அது ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டிருந்தது என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். இன்று நிற்பவை மூன்று மீற்றர் தடிப்புள்ள செங்கற் சுவர்களும், மேல்மாடி உத்தரங்களைத் தாங்கிய துளைகளுமே. மகன் அத்துளைகளை எண்ணத் தொடங்கி, குரங்கொன்று குறுக்கே பாய்ந்ததும் கணக்கை விட்டுவிட்டான்.

அங்கிருந்து வட்டதாகே என்னும் வட்டவடிவத் தாதுக்கோயில் நிற்கும் நாற்கோண முற்றத்துக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் கால் வைத்தபோது, ஒன்பது மணிக்கே உள்ளங்கால் சுட்டது. மன்னன் நிசங்கமல்லன் தன் பெருமையைப் பொறித்த கல்பொத்த என்னும் கற்பலகையைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். ஏறத்தாழ 25 தொன் எடையுள்ள அந்தக் கல் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதென்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதே முற்றத்தில் அட்டதாகே என்னும் கோயிலுக்கு அருகில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. புத்தரின் பல்லைப் பேணிய தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்னும் கூலிப்படையினர் ஏற்றுக்கொண்டதை அது தமிழில் கூறுகிறது.

ஆனால் எனக்கு அந்த நாள் என்பது, பிரதான பாதையிலிருந்து வலப்புறம் திரும்பி, மரநிழலில் சைக்கிளை மிதித்துச் சேர்ந்த இரண்டாம் சிவாலயம்தான். தொல்லியலார் இட்ட இலக்கத்தை விட அதன் சொந்தப் பெயர் அழகானது: வானவன் மாதேவி ஈச்சரம். முதலாம் இராசராசன் காலத்தில் அநுராதபுரத்தைக் கைப்பற்றிய சோழர், தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070இல் சிங்கள மன்னன் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். அந்த இடைக்காலத்தின் கோயில் இது. சுற்றிலும் செங்கற் கட்டடங்கள் சரிந்து கிடக்க, அடி முதல் எண்பட்டைச் சிகரம் வரை கல்லாலான இச்சிறு விமானம் மட்டும் குலையாமல் நிற்கிறது. கருவறை இலிங்கத்தின் முன் யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள் வாடியிருந்தன.

சுவரிலுள்ள கல்வெட்டை மகள் தொடாமல், விரலைச் சற்று விலக்கிப் பிடித்தபடி வாசிக்க முயன்றாள். "அம்மா, இது ட. இது ப. ஆனால் ஒன்றுக்கும் குத்து இல்லையே!" புள்ளி வைக்காமல் வெட்டுவதே அக்கால வழக்கம் என்றும், மெய்யா உயிர்மெய்யா என்பதை வாசிப்பவர்தான் இடம் பார்த்து உணர வேண்டும் என்றும் சொன்னேன். பாடசாலையில் குத்துத் தவறியதற்கு மதிப்பெண் இழந்தவளுக்கு அது பெரிய அநீதியாகப் பட்டது. உடனே கொப்பியை எடுத்து ஒரு வரியைப் பார்த்து எழுதினாள். நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தில் வேறெவரும் அங்கே வரவில்லை.

பிறகு ரன்கொத் விகாரையைத் தாண்டும்போது என் சைக்கிளின் செயின் கழன்றது. இளநீர் விற்ற முதியவர் ஒரு குச்சியால் அதை மாட்டித் தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார். இலங்காதிலகத்தின் தலையில்லாப் புத்தரை அண்ணாந்து பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் கல்விகாரையை அடைந்தோம். ஒரே பாறையில் நான்கு சிலைகள். படுத்திருக்கும் 14 மீற்றர்ச் சிலையை விட, அதன் தலைமாட்டில் கைகளைக் குறுக்காகக் கட்டி நிற்கும் உருவமே என்னைப் பிடித்து நிறுத்தியது. பாறையின் இயற்கையான வரிகள் முகத்தின் மீது அலையலையாக ஓடுவதைச் சிற்பி மறைக்க முயன்றிருக்கவில்லை.

மாலை ரயிலில் மகள் கொப்பியில் தம்பியின் பெயரைப் புள்ளியில்லாமல் எழுதி அவனிடம் நீட்டினாள். அவன் எப்படி வாசித்தாலும் பிழையென்று சொல்லி, வாழைச்சேனை வரும்வரை அவனை அழ வைத்துக்கொண்டிருந்தாள்.