பின்பக்கம் நிமிர்ந்தது

என் பழைய கார் நெடுநாளாக ஒரு பக்கம் சரிந்தே நின்றது. காரின் எடையைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவிழந்து தட்டையாகிவிட்டன. இடப்பக்கத்தில் ஒரு பட்டை உடைந்தும் இருந்தது. உடைந்தது ஒரு பக்கம்தான் என்றாலும் இரண்டையும் மாற்றினேன். ஒன்று மட்டும் புதிதென்றால் கார் மறுபடியும் கோணலாகத்தான் நிற்கும்.

பட்டையைக் கழற்றுவதா வேலை? துருப்பிடித்த ஷேக்கிள் போல்ட்டைக் கழற்றுவதுதான் வேலை! பட்டையின் முனையைக் காரோடு இணைக்கும் அந்த போல்ட் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. கடைசியில் அறுத்தே எடுத்தேன். பட்டையைச் சக்கர அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் புதியவை. ஒருமுறை இழுபட்டு நீண்டவற்றை நான் நம்புவதில்லை.

பட்டை முனைகளில் உள்ள ரப்பர் உறைகளான புஷ்களின் போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் இறங்கி நின்ற பிறகே முழுதாக இறுக்கினேன். அச்சு தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

இப்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே நிற்கிறது. ஓட ஓட அமரும்.